குறைமாதக் குழந்தைகளை டிக்கெட் போட்டு காட்டியவர்... மருத்துவமனைகள் கைவிட்டபோது காப்பாற்றியவர்! யார் இந்த மார்ட்டின் கௌனி?

1920-ம் ஆண்டு, நியூயார்க். குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒரு குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது. இன்னொரு பெண் குழந்தையின் எடை சுமார் 900 கிராம் மட்டுமே. இந்தக் குழந்தையும் பிழைக்காது என மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள்.

அப்பா கேட்கவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெளியே ஓடிவந்து டாக்சி பிடித்தார். அவர் போன இடம் இன்னொரு மருத்துவமனை அல்ல. ராட்டினமும் ரோலர் கோஸ்டரும் சுற்றும் கோனி ஐலண்ட் கடற்கரை பொழுதுபோக்குப் பூங்கா!

அங்கே ஒரு கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் குறைமாதக் குழந்தைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வெளியே மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் இந்தக் குழந்தையும் சேர்ந்தது. சுமார் 6 மாதம் அங்கேயே வளர்ந்து வீடு திரும்பியது. அந்தக் குழந்தை எத்தனை வயது வரை வாழ்ந்தது தெரியுமா? 96 வயது வரை!

அந்தக் கட்டடத்தை நடத்தியவர்தான் மார்ட்டின் கௌனி. ஊரே அவரை இன்குபேட்டர் டாக்டர் என்று கூப்பிட்டது. ஆனால், அவர் டாக்டருக்குப் படித்தவர் என்பதற்கு இன்று வரை எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

குழந்தைகளை வேடிக்கைப் பொருளாக்கியவரா? இல்லை, யாருமே தொடாத உயிர்களைக் காப்பாற்றியவரா? அவரது வாழ்க்கையை விரிவாகப் பார்ப்போம்.

*யார் இந்த மார்ட்டின் கௌனி?*

1869-ல் அப்போதைய பிரஷ்யாவின் குரோட்டோஷின் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் மைக்கேல் கோன். 1888-ல் கப்பல் ஏறி அமெரிக்கா வந்தபோது அவருக்கு வயது 19 கூட நிறையவில்லை.

பிறகு பெயர் மார்ட்டின் ஆனது, குடும்பப் பெயரும் மாறி மாறி கடைசியில் கௌனி என்று நின்றது. பெயரோடு சேர்ந்து வாழ்க்கைக் கதையும் மாறியது. தான் ஜெர்மனியில் மருத்துவம் படித்ததாகச் சொன்னார். பாரிஸில் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர் பியர் புதானிடம் பயிற்சி பெற்றதாகவும் சொன்னார். பார்த்தவர்கள் நம்பினார்கள். நல்ல உடை, ஐரோப்பிய நடை, பல மொழிப் பேச்சு என ஆளைப் பார்த்தால் டாக்டர் மாதிரிதான் இருந்தார்.

இந்தக் கதையில் எது உண்மை, எது பொய் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் அந்தக் கண்ணாடிப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

*கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியிலிருந்து வந்த ஐடியா*

தாயின் வயிற்றில் குழந்தை சுமார் 40 வாரம் இருக்க வேண்டும். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் அது குறைப்பிரசவம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடம்புச் சூட்டைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. உறிஞ்சிப் பால் குடிக்கவும் தெம்பு இருக்காது. குளிரும் பசியும் கிருமித்தொற்றும் சேர்ந்து சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும்.

1880 வாக்கில் பாரிஸின் மகப்பேறு மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஸ்டெஃபான் தார்னியேர் இதற்கு ஒரு வழி தேடினார். பாரிஸ் உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்த கதகதப்பான பெட்டியைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. அதே முறையில் குழந்தைகளுக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னார்.

பலன் உடனே தெரிந்தது. அதுவரை 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு இறந்துகொண்டிருந்தது. பெட்டி வந்த பிறகு அது ஐந்தில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. சூடு என்ற ஒரே ஒரு விஷயம் செய்த மாற்றம் இது.

ஆனால் பெட்டி விலை அதிகம். பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களுக்குச் சம்பளம் வேண்டும். யார் காசு கொடுப்பது? பிரான்ஸின் நீஸ் நகரைச் சேர்ந்த அலெக்சாந்தர் லியோன் என்பவர் இதற்குப் புது வழி கண்டுபிடித்தார். குழந்தைகளைப் பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வசூலித்து, அந்தக் காசிலேயே குழந்தைகளைப் பராமரித்தார். 1896-ல் பெர்லின் பொருட்காட்சியிலும் இப்படி ஓர் அரங்கு வைக்கப்பட்டு, கூட்டம் அலைமோதியது.

அந்த பெர்லின் அரங்கை நடத்தியதே தான்தான் என்று பின்னாளில் கௌனி சொல்லிக்கொண்டார். ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கௌனி உறுதியாகக் களத்தில் இறங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

*லண்டன் முதல் அமெரிக்கா வரை*

1897-ல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய 60-ம் ஆண்டு விழாவையொட்டி லண்டனின் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. சாமுவேல் ஷென்கைன் என்ற கூட்டாளியோடு சேர்ந்து கௌனி அங்கே இன்குபேட்டர் அரங்கு போட்டார். நல்ல வசூல். லான்செட் மருத்துவ இதழும் முதலில் பாராட்டியது. ஆனால், இதைப் பார்த்து காப்பியடிக்க ஆட்கள் கிளம்பியதும் அதே இதழ் 1898-ல் எச்சரித்தது. மருத்துவம் தெரியாதவர்கள் எல்லாம் பச்சைக் குழந்தைகளை வைத்துக் காட்சி நடத்துவது ஆபத்து என்பது அதன் வாதம்.

1898-ல் கௌனி அமெரிக்காவின் ஒமாஹா பொருட்காட்சிக்கு வந்தார். 1901-ல் பஃபலோ நகரின் பான் அமெரிக்கன் பொருட்காட்சி. அமெரிக்க அதிபர் மெக்கின்லி சுடப்பட்டது இந்தப் பொருட்காட்சியில்தான். அங்கே கௌனியின் அரங்கு பெரிய வெற்றி பெற்றது. இனி அமெரிக்காதான் என்று முடிவெடுத்தார்.

*கோனி ஐலண்டில் 40 ஆண்டுகள்*

1903-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லூனா பார்க் திறக்கப்பட்டது. அங்கே நிரந்தரமாக ஓர் அரங்கு அமைத்தார் கௌனி. அடுத்த ஆண்டே பக்கத்தில் இருந்த ட்ரீம்லேண்ட் பூங்காவிலும் இன்னொன்று. பிறகு அட்லாண்டிக் சிட்டி கடற்கரையிலும் தொடங்கினார். கோனி ஐலண்ட் அரங்கு மட்டும் 1943 வரை, அதாவது 40 கோடைக்காலங்கள் நடந்தது.

வாசலில் ஆள் நின்று சத்தம் போட்டுக் கூட்டத்தைக் கூப்பிடுவார். ஆரம்பத்தில் 10 சென்ட் இருந்த டிக்கெட் பின்னாளில் 25 சென்ட் வரை போனது. உள்ளே போனால் கம்பித் தடுப்புக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிகள். வெள்ளைச் சீருடையில் நர்ஸ்கள். சில பெண்கள் தினமும் வந்து, தங்களுக்குப் பிடித்த ஒரு குழந்தை எவ்வளவு எடை போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவார்களாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குழந்தையின் பெற்றோரிடம் கௌனி ஒரு சென்ட்கூட வாங்கவில்லை. ஒரு குழந்தையைப் பராமரிக்க ஒரு நாளைக்குச் சுமார் 15 டாலர் செலவானதாகச் சொல்லப்படுகிறது. அன்றைய கூலித்தொழிலாளியால் கனவிலும் கட்ட முடியாத தொகை அது. அந்த மொத்தச் செலவும் டிக்கெட் காசிலிருந்தே வந்தது. ஏழை, பணக்காரர் என்றோ, வெள்ளையர், கறுப்பினத்தவர் என்றோ பார்க்காமல் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்.

*கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது?*

வேடிக்கை எல்லாம் தடுப்புக்கு வெளியேதான். உள்ளே எல்லாம் கறாராக நடந்தது.

இன்குபேட்டர் இரும்பும் கண்ணாடியும் சேர்த்துச் செய்தது. கொதிகலனில் சூடான தண்ணீர் குழாய் வழியாக வந்து, குழந்தை படுத்திருக்கும் மெல்லிய மெத்தைக்குக் கீழே ஓடும். சூடு கூடினாலோ குறைந்தாலோ தானாகச் சரிசெய்ய ஒரு கருவி இருக்கும். வெளிக்காற்று வடிகட்டப்பட்டுத்தான் உள்ளே வரும். பழைய காற்று மேலே புகைபோக்கி வழியாக வெளியேறும்.

குழந்தை வந்ததும் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, சுமார் 96 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் வைப்பார்கள். விழுங்க முடிகிற குழந்தைக்கு ஒரு துளி பிராந்தியும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கால வழக்கம் அது. இன்று எந்த டாக்டரும் இதை அனுமதிக்க மாட்டார். வீட்டில் யாரும் முயற்சி செய்யவே கூடாது.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பால். இதற்காகவே பால் கொடுக்கும் பெண்களைச் சம்பளத்துக்கு வைத்து, அங்கேயே தங்கவும் இடம் கொடுத்தார். அவர்களுக்குச் சமைக்கத் தனி ஆள். வெளியே போய் ஹாட் டாக் மாதிரி கண்டதைச் சாப்பிட்டு மாட்டிக்கொண்டால் வேலை காலி! உறிஞ்ச முடியாத குழந்தைகளுக்கு, நுனி குறுகிய சின்ன ஸ்பூன் மூலம் மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டார்கள்.

இந்த வேலையில் கைதேர்ந்தவர் லூயிஸ் ரெக்ட் என்ற நர்ஸ். ஆரம்ப காலத்திலிருந்து கௌனியோடு இருந்தவர். கூட்டம் வரும்போது தன் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றி, குழந்தையின் கைக்குள் நுழைத்து மணிக்கட்டுக்கு மேலே ஏற்றிக் காட்டுவார். அவ்வளவு சின்னக் கை! பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். குழந்தை இன்னும் சின்னதாகத் தெரியட்டும் என்று பெரிய அளவு சட்டை போட்டு, இடுப்பில் பெரிய ரிப்பன் கட்டுவதும் உண்டு. இதெல்லாம் சுத்தமான ஷோ டெக்னிக். கௌனிக்கு இதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. டிக்கெட் விற்றால்தான் பால், நர்ஸ், கொதிகலன் எல்லாம் நடக்கும்.

கௌனியின் மனைவி அன்னபெல் மேயும் நர்ஸ்தான். 1907-ல் பிறந்த இவர்களின் மகள் ஹில்டகார்ட் குறைமாதக் குழந்தை. ஊரார் குழந்தைகளுக்குச் செய்த அதே வைத்தியத்தைத் தன் மகளுக்கும் செய்தார் கௌனி. அவளும் இன்குபேட்டரில் வளர்ந்தாள். பெரியவளானதும் நர்ஸ் ஆகி, அப்பாவோடு அதே அரங்கில் வேலை பார்த்தாள்.

*மருத்துவமனைகள் ஏன் செய்யவில்லை?*

பாரிஸில் பலன் தெரிந்த பிறகும் அமெரிக்க மருத்துவமனைகள் ஏன் சும்மா இருந்தன? காரணம் ஒன்றல்ல.

முதலில் செலவு. ஒரு குழந்தைக்கு மாதக்கணக்கில் இரவு பகல் நர்ஸ் வேண்டும். இரண்டாவது, அன்று பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில்தான் நடந்தன. குறைமாதக் குழந்தை மருத்துவமனை வந்து சேர்வதற்குள் குளிர்ந்துபோயிருக்கும். இன்குபேட்டரை வாங்கிப் பார்த்த சில இடங்களிலும், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இல்லாததால் பலன் கிடைக்கவில்லை. கருவி சரியில்லை என்று ஓரம் கட்டிவிட்டார்கள்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. பலவீனமாகப் பிறக்கும் குழந்தை பிழைத்தால் சமூகத்துக்குத்தான் பாரம் என்ற எண்ணம் அன்று படித்தவர்களிடமே இருந்தது. வலுவான வம்சம் மட்டும் பெருக வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கை அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. எந்தக் குழந்தை கொழுகொழுவென்று குறையில்லாமல் இருக்கிறது என்று மார்க் போட்டுப் பரிசு கொடுக்கும் போட்டிகள்கூட பொருட்காட்சிகளில் நடந்தன. 1915-ல் சிகாகோவின் டாக்டர் ஹாரி ஹைசல்டன், உடல் குறைபாட்டுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய மறுத்து அதைச் சாகவிட்டார். அதை வெளிப்படையாகவே பேசினார்.

அந்தச் சூழலில்தான் கௌனி, ஒரு கிலோகூட இல்லாத குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இவர்களும் வாழப் பிறந்தவர்கள்தான் என்று ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் ஒரு விஷயத்தை நேரில் பார்த்துவிட்டுப் போனார்கள். போன வாரம் அசையாமல் கிடந்த குழந்தை, இந்த வாரம் கால் உதைக்கிறது.

*எதிர்ப்பும் தீ விபத்தும்*

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பச்சைக் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்துக் காசு பார்க்கிறார் என்று குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புகள் குற்றம்சாட்டின. இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பெற்றோருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

எல்லோர் கையிலும் இது ஒரே மாதிரி நடக்கவும் இல்லை. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில் வேறு சிலர் இன்குபேட்டர் அரங்கு நடத்தினார்கள். கௌனிக்கு அதில் பங்கில்லை. பராமரிப்பு மோசமாக இருந்ததால் வயிற்றுப்போக்கு பரவி, பல குழந்தைகள் இறந்தன. அதே பெட்டி, அதே டிக்கெட். ஆனால் உள்ளே இருந்த நர்ஸும் பாலும் சுத்தமும் வேறு.

1911 மே 27 அதிகாலை. ட்ரீம்லேண்ட் பூங்காவில் தீப்பிடித்தது. மரத்தாலும் சாந்தாலும் கட்டிய பூங்கா மளமளவென எரிந்து சாம்பலானது. குழந்தைகள் கருகிவிட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி பரவியது. ஆனால் அங்கிருந்தவர்கள் எல்லாக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்திருந்தார்கள். ஒரு குழந்தைகூட சாகவில்லை. அவர்களை லூனா பார்க்கில் இருந்த அரங்குக்கு மாற்றினார்கள். ஆனால், பொழுதுபோக்குப் பூங்கா குழந்தைகளை வைக்கிற இடமா என்ற கேள்வி மட்டும் இன்னும் சத்தமாக எழுந்தது.

*டாக்டர் ஹெஸ் வந்தார்... நிலைமை மாறியது*

கௌனியை ஷோமேன் என்று ஒதுக்காமல், அவர் வேலையைக் கவனித்துப் பார்த்தவர் சிகாகோவின் குழந்தைகள் நல மருத்துவர் ஜூலியஸ் ஹெஸ். 1922-ல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர். அதே ஆண்டு குறைமாதக் குழந்தைகள் பற்றி ஒரு மருத்துவ நூலும் எழுதினார். அதில் கௌனிக்கு வெளிப்படையாகவே நன்றி சொன்னார். அமெரிக்காவில் இந்தத் துறையின் தந்தை என்று பிற்காலத்தில் போற்றப்பட்டவர் ஹெஸ். அவரே பொழுதுபோக்குப் பூங்காவில் அரங்கு நடத்தும் ஒருவரிடம் கற்றதை மறைக்கவில்லை.

1933-34-ல் சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது இருவரும் சேர்ந்து இன்குபேட்டர் அரங்கு நடத்தினார்கள். அதே பொருட்காட்சியில்தான் சாலி ராண்ட் என்ற நடனக் கலைஞர் இறகு விசிறியோடு ஆடி, ஆபாச வழக்கில் மாட்டிக்கொண்டார். அந்த ஆரவாரத்துக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிக் குழந்தைகள்!

1934 ஜூலை 25 அன்று அங்கே ஒரு விழா நடந்தது. முந்தைய ஆண்டு அந்த அரங்கில் வளர்ந்து வீடு போன 58 குழந்தைகளில் 41 பேர் அம்மாவின் இடுப்பில் திரும்பி வந்தார்கள். விழா ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பானது. கண்ணாடிப் பெட்டியில் பார்த்த குழந்தை பிறகு என்ன ஆனது என்று அதுவரை கேட்டவர்களுக்கு, அந்த 41 முகங்கள்தான் பதில். அதன் பிறகு சிகாகோ நகர சுகாதாரத் துறையும் குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பில் தீவிரமாக இறங்கியது.

*கடைசிக் காலம்*

1939-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் பெரும் செலவில் அரங்கு கட்டினார் கௌனி. எதிர்பார்த்த வசூல் வரவில்லை. காலம் மாறியிருந்தது. அதே காலகட்டத்தில் நியூயார்க் மருத்துவமனையிலேயே குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. இனி யாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் கடற்கரைக்கு ஓட வேண்டாம்.

1943-ல் கோனி ஐலண்ட் அரங்கை மூடினார். கடைசி வரை செய்த வேலை இப்போது மருத்துவமனையின் வேலையாகிவிட்டது. 1950 மார்ச் 1 அன்று 80 வயதில் கௌனி இறந்தபோது கையில் பெரிதாகப் பணம் இல்லை.

சுமார் 8,000 குழந்தைகளைப் பராமரித்ததாகவும், அவர்களில் 6,500 பேர் பிழைத்ததாகவும் கௌனி தரப்பு கணக்கு சொல்கிறது. இன்று நமக்கு இருக்கிற கணக்கு அது ஒன்றுதான்.

*அப்போ, அவர் டாக்டர் இல்லையா?*

இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் இந்தக் கேள்வி தீவிரமானது. 1979-ல் அமெரிக்க குழந்தை மருத்துவர் வில்லியம் சில்வர்மேன் இந்த இன்குபேட்டர் காட்சிகளின் வரலாற்றை மருத்துவ இதழில் எழுதினார். 2018-ல் எழுத்தாளர் டான் ராஃபெல், கௌனி பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார்.

ஆவணங்களைப் புரட்டியதில், கௌனி மருத்துவப் பட்டம் பெற்றதற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்ன வயதில், உண்மையில் அமெரிக்காவுக்குக் குடியேறியிருந்தார். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் தொழில், அறுவை சிகிச்சைக் கருவிகள் என்று பதிவாகியிருக்கிறது. புதானிடம் படித்தார் என்பதற்கும் சான்று இல்லை.

அதே நேரம், தன் அரங்குகளில் உரிமம் பெற்ற டாக்டர்களையும் பயிற்சி பெற்ற நர்ஸ்களையும் வேலைக்கு வைத்திருந்தார். தன்னைப் பற்றி பொய் சொன்னவர், குழந்தைகள் விஷயத்தில் குறுக்குவழி தேடவில்லை. பாலில் சிக்கனம் பிடிக்கவில்லை, நர்ஸ்களைக் குறைக்கவில்லை. சுத்தத்திலும் சமரசம் இல்லை. இதையெல்லாம் சொல்வதால் போலி டாக்டர்களை நியாயப்படுத்துவதாக ஆகிவிடாது. செயின்ட் லூயிஸில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. உண்மையான டாக்டர்களும் மருத்துவமனைகளும் கைவிட்ட இடத்தில்தான் ஒரு கௌனி தேவைப்பட்டார்.

*இன்று நிலைமை என்ன?*

கௌனி கையில் இருந்தது சூடு, தாய்ப்பால், சுத்தம், நல்ல நர்ஸ்கள் ஆகிய நான்குதான். மூச்சுத்திணறலுக்கு அவரிடம் மருந்து இல்லை. 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராததால் இரண்டே நாளில் இறந்தான். அதிபர் மகனையே அன்று காப்பாற்ற முடியவில்லை. இன்று நுரையீரல் விரிய உதவும் மருந்து, மூச்சுக்கு உதவும் கருவிகள், பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி என நிறைய வந்துவிட்டன. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க குழந்தையைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைக்கும் கங்காரு முறை தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் அது நடைமுறையில் இருக்கிறது.

இதனால் கேள்வியும் மாறிவிட்டது. கௌனி காலத்தில் குழந்தை பிழைக்குமா என்பதுதான் கேள்வி. இன்று பிழைத்த குழந்தை எப்படி உட்காரும், எப்படி நடக்கும் என்பதும் சேர்ந்துகொண்டது. என்ஐசியு-வுக்குள் பிசியோதெரபிஸ்ட் வருவது இதற்காகத்தான்.

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் வயிற்றுக்குள் இடம் குறைவதால் குழந்தை கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கும். அந்த வாரங்கள் கிடைக்காத குழந்தையின் தசைகள் தளர்வாக இருக்கும். மல்லாக்கப் போட்டால் கைகால் தவளை மாதிரி அகன்று விழுந்துவிடும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் இடுப்பும் தோளும் அந்த நிலைக்கே பழகிவிடலாம். அதனால் துணியைச் சுருட்டி, பறவைக்கூடு மாதிரி சுற்றிலும் வைத்து, கைகால் மடங்கி நடுவில் சேரும்படி படுக்க வைப்பார்கள். கை வாய்க்கு எட்டும்படி இருந்தால் குழந்தை தானாகவே அமைதியாகும்.

இது பெரியவர்களுக்குச் செய்யும் பிசியோதெரபி மாதிரி கிடையாது. வேகமாகக் கைகால் நீட்டுவது, மசாஜ் என்ற பெயரில் பிடித்துவிடுவது எல்லாம் இங்கே ஆபத்து. குழந்தையின் இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செய்வார்கள். குழந்தை சோர்ந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள். சில நாள் எதுவும் செய்யாமல் தூங்க விடுவதுதான் சிகிச்சை.

*வீட்டுக்கு வந்த பிறகு பெற்றோர் கவனிக்க வேண்டியவை*

1. குழந்தையின் வயதைக் கணக்கிடும்போது, முன்னதாகப் பிறந்த நாட்களைக் கழிக்க வேண்டும். 2 மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று 6 மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் அதற்கு 4 மாதம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை தலை நிற்கிறது, நம் குழந்தைக்கு நிற்கவில்லையே என்று இந்தக் கணக்கு பார்க்காமல் பயப்பட வேண்டாம்.

2. டிஸ்சார்ஜ் ஆகும்போது சொல்லும் ஃபாலோ-அப் தேதிகளைத் தவறவிடாதீர்கள். விழித்திரை, காது, எடை, அசைவுகள் எல்லாவற்றையும் பரிசோதிப்பார்கள். குறிப்பாகக் கண் பரிசோதனையை நாள் தள்ளிப்போடவே கூடாது.

3. ஒரு பக்கக் கையை மட்டும் அசைப்பது, உடம்பு விறைப்பாகவோ துணி மாதிரி தொய்வாகவோ இருப்பது தெரிந்தால், போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சி நல்லது.

1934-ல் சிகாகோ விழாவுக்கு 41 குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாக்கள், ஒரு வகையில் இந்த ஃபாலோ-அப்புக்குத்தான் வந்தார்கள். அன்று அது ரேடியோவில் ஒலிபரப்பான ஒரு காட்சி. இன்று உங்கள் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும் ஒரு தேதி. அந்தத் தேதியை மறந்துவிடாதீர்கள்.